ஓதும் அறபும் பேசும் அறபும்

1344ஆம் ஆண்டு இலங்கைக் கரையை அடைந்த மொறொக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா, புத்தளத்தில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அவ்வரசன் பாரசீக மொழியை விளங்கிக்கொள்ள வல்லவனாயிருந்தான் என்றும், பிறநாட்டு அரசர்களைப் பற்றியும் அவர்தம் தேசங்களைப் பற்றியும் தம்மிடம் ஆவலுடன் கேட்டறிந்தான் என்றும் அவர் தம் பயண நூலிற் பதிவுசெய்துள்ளார். நல்லூரிற் பாரசீக இலக்கணம் கற்பிக்கும் பள்ளியொன்று இருந்ததாக எவரும் சொல்லவில்லை. முத்துக்கும் கறுவாவுக்கும் கடல் கடந்து வந்த வணிகரோடு பழகிய பழக்கமே அவ்வரசனுக்கு அம்மொழியைக் கற்பித்திருக்கும் என்று கொள்வதே பொருத்தமுடையது.

ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் கழிந்துவிட்டன. இன்று இந்நாட்டில் மேற்காசிய மொழியொன்றைக் கற்பிப்பதற்கென்றே விடுதியும் பள்ளிவாயிலும் நூலகமும் கொண்ட கல்லூரிகள் பல உள்ளன. வெலிகமையின் மத்ரஸதுல் பாரி 1884இலும், காலியின் பஹ்ஜதுல் இப்றாஹீமிய்யா 1892இலும், மஹரகமையின் கபூரிய்யா 1931இலும் தோன்றியவை. புத்தளத்துக் காசிமிய்யாவும் பழம்பெருமை வாய்ந்ததே. இத்தகைய அறபுக் கல்லூரிகளில் பன்னிரண்டு பதின்மூன்று வயதிற் சேரும் சிறுவன் ஆறு ஏழு ஆண்டுகள் அங்கேயே உண்டு, உறங்கி, ஓதி மௌலவியாக வெளியேறுகின்றான். அவ்வாறு வெளியேறுவோருட் பெரும்பாலானோர், அறபு நாட்டார் ஒருவர் எதிர்ப்பட்டு நலம் விசாரித்தால் முதலிரு வாக்கியங்களுக்கு அப்பால் உரையாட இயலாது தடுமாறுகின்றனர் என்பதை அவர்களே ஒப்புக்கொள்வர். இது மாணவர்தம் மந்தபுத்தியால் நேர்ந்ததன்று. அவர்களுக்குப் பேச்சு கற்பிக்கப்படவில்லை. கற்பிக்கப்படாமைக்குக் காரணமாக ஒரு கொள்கையும் இருக்கின்றது. அக்கொள்கை தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில், கற்பிக்கப்படுவது யாது என்பதை நேர்மையுடன் நோக்குதல் வேண்டும். சொல்லின் ஆக்கத்தை ஆராயும் ஸர்பும், தொடரின் அமைப்பை ஆராயும் நஹ்வும் இக்கல்லூரிகளின் அடித்தளம். பாஸ் நகரத்து இப்னு ஆஜுர்ரூமின் சிறு நூலில் தொடங்கும் மாணவன், ஸ்பானிய மண்ணிற் பிறந்து 1274இல் திமிஷ்கில் மறைந்த இப்னு மாலிக்கின் ஆயிரம் அடி கொண்ட அல்பிய்யாவை மனனஞ் செய்கின்றான். பின்னர், பொன்னானி மக்தூம் பதினாறாம் நூற்றாண்டில் எழுதிய பத்ஹுல் முஈன் முதலான சட்ட நூல்களுக்குச் செல்கின்றான். இவை அற்பமான சாதனைகள் அல்ல. நன்னூலைக் காண்டிகையுரையோடு பாடம் கேட்ட பழைய யாழ்ப்பாணத்து மாணாக்கனுக்கு எத்தகைய நுண்மை வாய்த்ததோ அத்தகைய நுண்மை இவர்களுக்கும் வாய்க்கின்றது. ஓசையைப் பொறுத்தவரையில் இன்னும் ஒருபடி மேலே சொல்லலாம். தொண்டையின் அடியிலிருந்து எழும் ஒலி எது, நாவின் பக்கம் கடைவாய்ப் பல்லைத் தொட எழும் ஒலி எது என்று தஜ்வீத் வகுப்பிற் பெறும் பயிற்சிக்கு நிகரான ஒலியியற் பயிற்சி எமது பல்கலைக்கழக மொழியியல் வகுப்புகளிலும் கிடைப்பதில்லை. அறபு பேசுவதற்கு வேண்டிய நாக்கு, காது, இலக்கணம் ஆகிய மூன்றும் அம்மாணவனிடம் உள்ளன. மூன்றையும் கொண்டு அவன் ஒரு கோப்பைத் தேநீர் கேட்கமாட்டான்.

ஏனெனில் பாடம் நடைபெறும் முறை வேறு. உஸ்தாத் கிதாபின் ஒரு தொடரை வாசிப்பார். சொல்லுக்குச் சொல் தமிழிற் பொருளுரைப்பார். மாணவர் அதனை ஒப்புவிப்பர். அறபு வாக்கியம் கண்ணிலிருந்து தமிழுக்குப் போகின்றது. தமிழிலிருந்து அறபுக்கு எதுவும் திரும்பிப் போவதில்லை. இலக்கண நூல்களில் ஸெய்து என்பவன் அம்று என்பவனை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அடித்துக்கொண்டேயிருக்கின்றான். ஸெய்தின் ஈற்றில் உகர ஒலியும் அம்றின் ஈற்றில் அகர ஒலியும் வரவேண்டிய காரணத்தை எம் மாணவன் பிசகின்றி விளக்குவான். ஏன் அடிக்கின்றாய் என்று ஸெய்தை அறபிற் கேட்கும் வாய்ப்பு மட்டும் அவனுக்கு ஒருநாளும் வருவதில்லை. விடுதியிலோ சோறு கேட்பதும், சவர்க்காரம் இரவல் வாங்குவதும், கிரிக்கெட் ஆட்டத்திற் பிணங்குவதும் தமிழில். வாராந்த மாணவர் மன்றத்தில் நிகழும் சொற்பயிற்சியும் பெரும்பாலும் தமிழிலேயே. தமிழிற் பேசுவதைக் குறைகூற ஒரு தமிழ்ச் சங்கத்தின் மலர் உகந்த இடமன்று. ஆயினும், இருபத்துநான்கு மணிநேரமும் ஒரே கூரையின்கீழ் மாணவரை வைத்திருக்கும் வசதி எந்த மொழியாசிரியனும் கனவு காணும் வசதியன்றோ? அவ்வசதி கையிலிருந்தும் பயன்படுத்தப்படுவதில்லை.

இதற்குப் பெரியோர் கூறும் விடை ஒன்றுண்டு. "நாம் ஓதுவிப்பது வேதத்தின் மொழி, பேச்சறபு சந்தையின் மொழி. சந்தை மொழி புகுந்தால் இலக்கணம் கெடும்" என்பர். பண்டிதர்கள் நிறைந்த யாழ்ப்பாணத்திற் பிறந்தோர்க்கு இக்குரல் பழக்கமானதே. எழுத்துத் தமிழே தமிழ், ஏனையது கொச்சை என்ற குரலின் மறுபதிப்பு இது. ஆனால் அறபு இலக்கணத்தின் வரலாறு இக்கூற்றுக்கு முற்றிலும் மாறானது. அம்மொழியின் முதற்பேரிலக்கணத்தை ஆக்கிய ஸீபவைஹி பாரசீகர். எட்டாம் நூற்றாண்டில் பஸ்றாவில் வாழ்ந்த அவரும் அவர்தம் ஆசிரியரும் ஐயம் எழுந்தபோதெல்லாம் நாடிச் சென்றது பாலைவன நாடோடிகளின் வாய்மொழியை. தேள் கொட்டுவது குளவி கொட்டுவதினும் கடுமை என்று எண்ணியிருந்தவன், இரண்டும் ஒன்றே என்று கண்டதைக் கூறும் வாக்கியம் எவ்வாறு முடிதல் வேண்டும் என்பது பற்றி ஸீபவைஹிக்கும் கூபாவின் கிஸாயிக்கும் பக்தாதில் நிகழ்ந்த வாதம் பெயர் பெற்றது. அதனைத் தீர்க்க அழைக்கப்பட்டோர் இலக்கணப் புலவர் அல்லர். வாயிலில் நின்ற நாடோடி அறபிகள். அவர்கள் ஸீபவைஹிக்கு எதிராகச் சாட்சி சொன்னதற்குக் கைக்கூலி பெற்றனர் என்று ஒரு கதையும் வழங்குகின்றது. கைக்கூலி கொடுத்தேனும் பெறவேண்டியிருந்தது பேசுவோனின் சாட்சியம் என்பதை எம் பெரியோர் கவனித்தல் நலம். தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரமும் வழக்கு, செய்யுள் ஆகிய இரண்டையும் நோக்கியே அந்நூல் ஆக்கப்பட்டதென்று கூறும். வழக்கு அங்கே முதலில் வைக்கப்பட்டிருக்கின்றது.

சமஸ்கிருதத்தை உவமைகாட்டித் தப்பிக்கவும் இயலாது. எமது கலைப்பீடத்திற் சமஸ்கிருதம் பயில்வோர் அதனைப் பேசாதிருப்பதற்கு நியாயமுண்டு; பேசுவதற்கு அயலில் ஆள் இல்லை. அறபோ இருபதுக்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ நாற்பது கோடி மக்களின் வாயில் வாழ்கின்றது. 1973 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் அலுவல் மொழிகளுள் ஒன்றாயிற்று. நாவலும் நாளிதழும் நீதிமன்றத் தீர்ப்பும் அதில் நாள்தோறும் எழுதப்படுகின்றன. வாழும் மொழியொன்றை இறந்த மொழியைப்போல் நடத்துவது அம்மொழிக்குச் செய்யும் மரியாதை என்று எவ்வாறு கூறுவது?

இம்மரியாதையின் விளைவை வீடுகளிற் காணலாம். அறபெழுத்துள்ள காகிதம் தரையிற் கிடந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றி உயரத்தில் வைக்கும் முதியோர் எம்மிடையே உளர். பேரீச்சம்பழப் பெட்டியின் மேலட்டையும் அவ்வாறே வணங்கப்பட்டிருக்கின்றது. அவர்தம் பத்தியைப் பழிப்பது என் நோக்கமன்று. அட்டையில் இருப்பது நிறையும் காலாவதித் திகதியும் என்று வாசித்துச் சொல்ல வல்லவன் வீட்டில் ஒருவனேனும் இருத்தல் வேண்டும் என்பதே கூறவருவது. வணக்கத்தில் மட்டும் கேட்கப்படும் மொழியில் எது சொல்லப்பட்டாலும் அது வணக்கமாகவே செவியில் விழும். வெளிநாட்டிலிருந்து வருவோன் மேடையேறி அறபில் நான்கு தொடர் உரத்துச் சொல்லிவிட்டால், அது மூலநூலின் வாசகமா, அவன் சொந்தக் கருத்தா என்று பிரித்தறியச் சபையோரால் முடியாது. சபையோரை விடுவோம்; ஏழாண்டு ஓதியவர் எழுந்து, அதே மொழியில், "ஐயா, இதற்கு ஆதாரம் எது?" என்று மறுத்துக் கேட்க வல்லவராயிருத்தல் வேண்டாமா? கேட்க நாவெழாதவன் கேட்டதை நம்பவே விதிக்கப்பட்டவன்.

இனி மறுபுறம். வளைகுடா நாடுகளின் எண்ணெய்ச் செல்வம் பெருகிய 1970களின் பிற்பகுதி தொடக்கம் இந்நாட்டிலிருந்து வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்றவர்கள் பல இலட்சம். அவர்களுட் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் யாவரும் உளர். 1985இல் நிறுவப்பட்ட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அவர்களுக்கு அளிக்கும் புறப்பாட்டுக்கு முந்திய பயிற்சியிற் சிறிதளவு அறபும் அடங்கும். எஞ்சியதை அவர்கள் குவைத்திலும் றியாதிலும் சமையலறையில் நின்று, ஏச்சு வாங்கி, கற்கின்றனர். இரண்டாண்டு முடிந்து திரும்பும்போது அவர்கள் அறபு பேசுகின்றனர். இலக்கணம் வழுவும், உருபுகள் உதிரும், ஆயினும் கேட்டதை விளங்கி, வேண்டியதைச் சொல்லி, கூலியைக் கணக்குப் பார்க்கின்றனர். ஒரே தெருவில் ஒரு வீட்டில் அறபைப் பேசாத ஆலிமும் அடுத்த வீட்டில் அறபை எழுதாத பணிப்பெண்ணும் இருக்கின்றனர். முன்னவர் அறிவுக்குப் பட்டமும் பொன்னாடையும் உண்டு. பின்னவர் அறிவை அறிவென்றே எவரும் எண்ணுவதில்லை. மொழியறிவின் மதிப்பை நிர்ணயிப்பது அம்மொழியன்று, அதனை உடையவரின் வர்க்கமும் பாலுமே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

இவ்விரு வீடுகளுக்கும் இடையிலுள்ள மதிலின் விலை யாது என்பதை மூதூர் அறியும். அவ்வூரைச் சேர்ந்த றிசானா நபீக் 2005ஆம் ஆண்டு, பதினேழு வயதில், வயதைக் கூட்டிக்காட்டிய கடவுச்சீட்டுடன் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டார். சென்று சில வாரங்களுக்குள் அவர் பராமரிப்பிலிருந்த கைக்குழந்தை இறந்தது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டு, 2007 ஜூனில் தவாத்மி நீதிமன்றத்தில் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனை நிறைவேற்றப்பட்டது. வழக்கின் ஆணிவேராயிருந்தது அவர் அளித்ததாகக் கூறப்பட்ட ஒப்புதல் வாக்குமூலம். அதனை அவர் பின்னர் மறுத்தார். அவ்வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவர் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர் அல்லர் என்பதையும், தமிழுக்கும் அறபுக்கும் இடையே செவ்வனே மொழிபெயர்க்கும் திறன் அவருக்கு இருந்ததா என்பது ஐயத்துக்குரியது என்பதையும் சர்வதேச மன்னிப்புச் சபை எடுத்துக்காட்டியது. தக்க மொழிபெயர்ப்பாளர் இருந்திருப்பின் அச்சிறுமி உயிர்பிழைத்திருப்பார் என்று அறுதியிட்டுக் கூற நான் துணியேன். அந்நாட்டுச் சட்டமும், அவரை அனுப்பிய தரகரும், இந்நாட்டின் வறுமையும், அரசின் அசிரத்தையும் அவ்வழக்கிற் பங்காளிகள். ஆயினும் ஒரு கேள்வி தொண்டையில் முள்ளாய் நிற்கின்றது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, அறபை ஏழாண்டு ஓதியவர்கள் இந்நாட்டில் ஆயிரக்கணக்கில் உளர். மூதூரைச் சூழ்ந்த கீழ்மாகாணத்திலேயே அறபுக் கல்லூரிகள் பலவுண்டு. தமிழுக்கும் அறபுக்கும் இடையே நின்று ஓர் ஏழைப் பெண்ணின் வாய்ச்சொல்லைப் பிசகின்றி எடுத்துச்சொல்லும் தொழிலை, இவர்களுள் எத்தனை பேருக்கு எமது கல்லூரிகள் கற்பித்திருக்கின்றன?

இவ்விடத்திலே இன்னொரு கூட்டத்தார் முன்வருவர். "நாமும் அதைத்தானே சொல்கின்றோம், கிதாபை மூடிவைத்துவிட்டு முப்பது நாளிற் பேச்சறபு கற்பியுங்கள், பிள்ளைகள் கட்டாருக்குப் போய்ப் பிழைக்கட்டும்" என்பது அவர்கள் வாதம். இவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. முதலாவது, பேச்சறபு என்று ஒன்றில்லை. "உனக்கு என்ன வேண்டும்?" என்பதை நூலறபில் "மாதா துரீது" என்பர். நஜ்து நாட்டார் "வேஷ் தபி" என்பர். எகிப்தியர் "ஆயிஸ் ஏ" என்பர். சிரியாவில் "ஷூ பித்தக்" என்பர். "இப்பொழுது" என்னும் ஒரு சொல் வளைகுடாவில் "அல்ஹீன்", கெய்ரோவில் "தில்வக்தி", திமிஷ்கில் "ஹல்லா". இவற்றுள் ஒன்றை மட்டும் முப்பது நாளிற் பயின்றவன் அடுத்த நாட்டின் எல்லையில் ஊமையாவான். நாளிதழையோ நீதிமன்ற அழைப்பாணையையோ ஊதிய ஒப்பந்தத்தையோ அவனால் வாசிக்கவும் முடியாது. ஒப்பந்தத்தை வாசிக்கமாட்டாதவன் பேசத் தெரிந்தும் ஏமாற்றப்படுவான்.

மொழியியலாளர் சார்ள்ஸ் பேர்கசன் 1959இல் இரட்டை வழக்கு மொழிகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் எடுத்துக்கொண்ட நான்கு மொழிகளுள் அறபும் ஒன்று. தமிழையும் அவ்வகையுட் சேர்த்தே பின்வந்தோர் ஆராய்ந்தனர். ஆகவே இச்சிக்கலைத் தமிழருக்கு விளக்கவேண்டிய தேவையே இல்லை. நன்னூலை மட்டும் கற்ற வெள்ளையர் ஒருவர் திருநெல்வேலிச் சந்தையில் வந்து நின்று, "ஐயா, இக்கத்தரிக்காயின் விலை யாது?" என்று வினவினால் வியாபாரி சிரிப்பார், ஆனால் விளங்கிக்கொள்வார். அவர் சொல்லும் விடையை விளங்கிக்கொள்ளத்தான் வெள்ளையர் திண்டாடுவார். அறபிலும் நிலைமை இதுவே. நூலறபைத் தடையின்றிப் பேசுவோனை மஸ்கட்டிலும் ரபாத்திலும் புரிந்துகொள்வர். அவன் பிறரைப் புரிந்துகொள்வதற்கே தனிப்பயிற்சி வேண்டும். இதிலிருந்து பாடத்திட்டத்தின் ஒழுங்கும் தானே பெறப்படுகின்றது. ஏற்கெனவே ஓதப்படும் நூலறபை முதலில் வாய்க்குக் கொண்டுவருதல் வேண்டும். வகுப்பறையில் மட்டுமன்றி உணவறையிலும். செவிக்கு வானொலிச் செய்தியும், இன்று எவர் கைபேசியிலும் கிடைக்கும் அறபுத் தொலைக்காட்சியும் போதும். இறுதி ஈராண்டுகளில் ஒரு வட்டார வழக்கை, எம் மக்கள் மிகுதியாகச் செல்லும் வளைகுடா வழக்கை, கேட்டு விளங்கும் அளவுக்கேனும் பயிற்றுதல் வேண்டும். கிதாபை மூடவேண்டியதில்லை. பேசத் தெரிந்தவன் கிதாபை இன்னும் விரைவாகவே வாசிப்பான்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத ஆசை என்பார்க்கு இரு சான்றுகள் காட்டலாம். லக்னோவின் நத்வதுல் உலமா 1930களின் தொடக்கத்திலேயே மொறொக்கோவைச் சேர்ந்த தகியுத்தீன் ஹிலாலியை ஆசிரியராக அழைத்து, அறபை வாழும் மொழியாகக் கற்பிக்கத் துணிந்தது. அச்சூழலில் வளர்ந்த அபுல் ஹசன் அலி நத்வியின் அறபு நூல்களை அறபு நாட்டாரே விரும்பி வாசித்தனர். மற்றைய சான்று இன்னும் அண்மையது, எமக்கு இன்னும் நெருக்கமானது. உலகெங்கும் அறபு கற்கப் புகுவோர் இன்று கையிலெடுக்கும் பாடநூல்களுள் முதன்மையானது மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்துப் பாடநூல். அதனை ஆக்கிய வி. அப்துர் றஹீம் 1933இல் தமிழ்நாட்டு வாணியம்பாடியிற் பிறந்தவர். 2023இல் மதீனாவில் மறைந்தார். அவர் நூலின் முதற்பாடத்தில் ஸெய்தும் இல்லை, அம்றும் இல்லை, அடியும் இல்லை. "இது ஒரு வீடு" என்று தொடங்குகின்றது. சுட்டிக்காட்டிச் சொல்லத்தக்க ஒரு பொருளில் தொடங்கி, கேள்வியும் விடையுமாக வளர்ந்து, மாணவன் அறியாமலே இலக்கணத்துட் புகுத்துகின்றது. வாணியம்பாடியார் ஒருவர் உலகத்துக்குக் கற்பித்த முறையை வெலிகமையும் புத்தளமும் ஏற்கக்கூடாதென்று எந்த வேதமும் கூறவில்லை. எமது நாட்டிலும் இவ்வெண்ணம் புதிதன்று. 1882இல் முஸ்லிம் நேசனைத் தொடங்கிய சித்தி லெப்பை அறபு இலக்கணத்தைத் தமிழில் எழுதினார். 1883இல் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த உறாபி பாஷாவின் நண்பர்களுள் அவரும் ஒருவர். உறாபியோடு வந்தவர்களுள் ஒருவரான மஹ்மூத் ஸாமி அல்பாரூதி, நவீன அறபுக் கவிதையின் முன்னோடியென மதிக்கப்படுபவர். பதினாறு ஆண்டுகளுக்கு மேல் இத்தீவில் வாழ்ந்து, சரந்தீபிலிருந்தே தம் ஏக்கத்தைப் பாடியவர். அப்பாடல்களை எமது அறபுக் கல்லூரிகளில் எத்தனை மாணவர் பெயரளவிலேனும் அறிவர்?

தொழிலுக்காகக் கற்பித்தால் மார்க்கம் கெடும் என்ற அச்சம் எஞ்சுகின்றது. இதற்கு யாழ்ப்பாணம் ஏற்கெனவே ஒரு பாடம் வைத்திருக்கின்றது. அமெரிக்க மிசனரிமார் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறியும் ஒரு சமய விடுதிப் பாடசாலையே. அதுவும் அந்நிய மொழியொன்றைக் கற்பித்தது. ஆங்கிலம் கற்ற மாணவர் பிரசங்கிகளாகாமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகின்றனர் என்பது மிசன் மேலிடத்தாரின் முறைப்பாடு. 1855இல் அண்டர்சன் தூதுக்குழு வந்துபோன பின் செமினறி மூடப்பட்டது. மூடியதால் எவருக்கு இலாபம்? சமயத்துக்கு ஆள் சேரவில்லை; குடாநாட்டார் ஆங்கிலத்தைக் கைவிடவுமில்லை. 1872இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. அச்செமினறியின் பழைய மாணவரொருவர், சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, ஏட்டுச் சுவடிகளிலிருந்து தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். அந்நிய மொழி அவரை எங்கு கொண்டுசென்றது என்பதை மிசன் மேலிடத்தார் கணக்கிட்டிருக்க முடியாது. மொழியைக் கற்பிப்போர் அது சென்றடையும் இடத்தையும் தாமே தீர்மானிக்க விரும்புவது பழைய ஆசை. நிறைவேறிய வரலாறு இல்லை.

அரசின் பக்கத்திலிருந்து வரும் தடை வேறு வகையினது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின் அறபெழுத்துப் பெயர்ப்பலகைகள் அகற்றப்பட்டன. 2021 மார்ச்சில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மத்ரஸாக்களை மூடப்போவதாக அமைச்சர் ஒருவர் அறிவித்தார். பெயர்ப்பலகையில் அறபு ஆபத்தானதென்று கண்ட அரசு, அம்மொழி பேசும் நாடுகளிலிருந்து பணிப்பெண்கள் அனுப்பும் பணத்தில் எந்த ஆபத்தையும் கண்டதில்லை. எனினும் இவ்வநீதியைச் சாட்டாகக் கொண்டு கல்லூரிகள் தம் கதவைச் சாத்திக்கொள்வது சந்தேகத்தை வளர்க்கவே உதவும். அயலவர் விளங்கிக்கொள்ளாத மொழியைத் தாமும் விளங்காமல் ஒப்புவிக்கும் இடம் என்ற பழிக்கு, விளங்கிப் பேசுவதும் தமிழிலும் சிங்களத்திலும் எடுத்துரைப்பதுமே தக்க மறுமொழி.

குடாநாட்டுக்கு இவ்வினா ஏனையோரைவிட அவசரமானது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணிநேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வீடுகளோடும் கடைகளோடும் கிதாபு அலுமாரிகளும் கைவிடப்பட்டன. ஒஸ்மானியாக் கல்லூரி வெறுமையாயிற்று. வண்ணார்பண்ணையிற் குர்ஆன் பள்ளியிலும், பின் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும், யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்று, பிற்காலத்தில் 'மிஸ்ரின் வசியம்' எழுதிய ஏ. எம். ஏ. அஸீஸை உருவாக்கிய கல்விச் சூழல் அன்றோடு அறுந்தது. ஒரு தலைமுறை புத்தளத்து அகதிக் குடியிருப்புகளில் எழுத்தறிந்தது. இன்று சோனகத் தெருவிலும் ஐந்துசந்திச் சூழலிலும் மீள்குடியேறியோர் தொகை முன்னிருந்ததிற் சிறு பகுதியே. அவர்களும் எல்லாவற்றையும் அடியிலிருந்து கட்டவேண்டியவர்கள். நானும் அத்தலைமுறையின் பிள்ளையாகப் புத்தளத்துக் குர்ஆன் மத்ரஸாவொன்றில் ஓதியவன். பழைய சங்கிலி அறுந்த துயரைப் பலரும் எழுதியுள்ளனர். அடியிலிருந்து கட்டுவோர்க்குள்ள சுதந்திரத்தைப் பற்றி எவரும் எழுதக் காணோம். முன்பிருந்த மாதிரியே திரும்பக் கட்டவேண்டும் என்ற கட்டாயம் எமக்கில்லை.

அவ்வாறெனில் குடாநாட்டில் எழவிருக்கும் அறபு வகுப்பு, பகுதிநேர மத்ரஸாவாயினும் விடுதியாயினும், மூன்று காரியங்களை முதலாண்டிலேயே செய்யலாம். பரீட்சையில் வாய்மொழிக்குப் புள்ளி ஒதுக்கலாம்; புள்ளியில்லாத பாடத்தை எந்த மாணவனும் படிப்பதில்லை என்பதைப் பல்கலைக்கழகத்தார்க்கு நான் சொல்லவேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு பக்கம் தமிழிலிருந்து அறபுக்கு மொழிபெயர்க்கச் செய்யலாம்: வீரகேசரிச் செய்தியொன்று, கடிதமொன்று, பொலிஸ் முறைப்பாடொன்று. இறுதியாண்டு மாணவரைக் கொண்டு, வேலைக்குப் புறப்படும் பெண்களுக்கு ஒப்பந்தத்தை வாசித்து விளக்கும் மேசையொன்றைப் பள்ளிவாயில் முற்றத்தில் இடலாம். வருவோர் இந்துவாயினும் கிறிஸ்தவராயினும் வாசித்துச் சொல்லலாம். அறபு அவர்களுக்கும் வேண்டியிருக்கின்றது.

ஆசிரியருக்கு எங்கே போவது என்பது கடைசியாகக் கேட்கப்படும் கேள்வி. எகிப்திலிருந்து வருவிக்கப் பணமில்லை என்பது உண்மை. வருவிக்கவேண்டியதுமில்லை. பத்தாண்டு ஜித்தாவிற் சமைத்துவிட்டுத் திரும்பிய பெண்கள் எமது ஒழுங்கைகளிலேயே வாழ்கின்றனர். இலக்கணத்தை உஸ்தாத் திருத்தட்டும். உரையாடலை அவர்கள் நடத்தட்டும். பெண்ணிடம் ஆண்கள் கற்பதா என்று முகஞ்சுளிப்போர், நபிமொழிகளுள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவை ஆயிஷா நாயகியின் வாயிலாகவே வந்தன என்பதை ஓதியவர்களே. திரை வேண்டுமானால் இட்டுக்கொள்ளலாம். பெண்கள் அறபுக் கல்லூரிகளில் அதுவும் வேண்டியதில்லை. அவர்களுக்கு மௌலவிமாருக்குக் கொடுக்கும் அதே மணிக்கூலியைக் கொடுத்தல் வேண்டும். இதற்கு நிருவாக சபைகள் இணங்குமா என்பதே எனக்குள்ள ஐயம், அப்பெண்கள் இணங்குவர்.